வாயால் சுட்ட கோழி உருண்டை

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை. தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை, இரண்டு போன், சுவரில் ஊர் வரைபடம். லிஃப்ட் இருக்கும் கட்டடங்களுக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புக் குண்டூசி குத்தியிருக்கும். நிமிர்ந்து நின்றால் படிக்கட்டு தலையில் இடிக்கும். ஆனாலும் கதவில் ‘கண்ட்ரோல் ரூம்’ என்று கொட்டை எழுத்தில் பலகை. அந்தப் பலகை கொடுத்த பெயர்தான் கண்ட்ரோல் அக்கா. முதலாளி முதல் கூரியர்காரர் வரை எல்லோருக்கும் அவள் கண்ட்ரோல் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோயிற்று.

எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். இங்கே போன் அலறும். எந்தக் கட்டடம், எத்தனை பேர், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்க வேண்டும். மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை, மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டும் ஒரு நிமிட வேலை. மூன்றாவதுதான் உயிரை வாங்கும்.

சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் “பயப்படாதீங்க” என்றுதான் சொல்லிப் பார்த்தாள். அதுவரை சும்மா நின்றவர்கள்கூட அதைக் கேட்டதும் பயப்பட ஆரம்பித்தார்கள். “ஏன், பயப்படற அளவுக்கு என்ன ஆச்சு?” என்று ஒருவர் கதவை உதைக்கத் தொடங்கிவிட்டார். ஒரு வக்கீல், “நீங்க பயப்படாதீங்கன்னு சொன்ன நேரம் மூணு பத்து. குறிச்சு வச்சிருக்கேன்” என்றார். அதற்கப்புறம் அவள்தான் பயந்துபோனாள்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் அந்தப் போன் வந்தது. தையல்கடை வைத்திருக்கும் பெண். இடுப்பில் இரண்டு வயது மகள். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. குழந்தையைப் பார்த்துத் தாயும் அழுதாள். மெக்கானிக்கோ ஊரின் மறுகோடியில் இருந்தான். ஒல்லியாக, நெட்டையாக, தலை மட்டும் கொஞ்சம் அகலமாக இருப்பான் என்பதால் அவனுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர்.

“ரோட்ல முழங்கால் தண்ணிக்கா. அரை மணி நேரமாவது ஆகும்” என்றான் ஸ்பேனர்.

அரை மணி நேரம் என்ன பேசுவது? கண்ட்ரோல் அக்கா மேசையைப் பார்த்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா கசிந்ததால் அன்று கணவர் அதை ஒரு மாதப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு தலைப்பு தெரிந்தது: ‘வேலை விட்டு வந்ததும் செய்ய: பளபளக்கும் கோழி உருண்டை.’

“ஏம்மா, ராத்திரிக்கு என்ன சமைக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

அழுகை சட்டென்று நின்றது. “என்னது?”

“ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னன்னு கேட்டேன். வீட்ல கோழிக் கொத்துக்கறி இருந்தா ஒண்ணு சொல்றேன். ரொம்பச் சுலபம். அரைக் கிலோ போதும்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். “கால் கிலோதான் இருக்கு.”

“அப்ப எல்லாத்தையும் பாதியா போட்டுக்குங்க.”

கொத்துக்கறியில் ரொட்டித்தூள், ஒரு முட்டை, நசுக்கிய பூண்டு, துருவிய இஞ்சி, மிளகுத்தூள், உப்பு. பிசைந்து எலுமிச்சையளவு உருண்டை. வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு எடுத்துவிட்டு, அதே வாணலியில் சோயா சாஸ், தேன், வினிகர், இன்னும் கொஞ்சம் பூண்டு. கொதித்துக் கெட்டியானதும் உருண்டைகளைப் போட்டுப் புரட்டினால் கண்ணாடி மாதிரி மின்னும். தாளில் இருந்தது அவ்வளவுதான். நிறுத்தி நிறுத்திப் படித்தும் பத்து நிமிடத்தில் சரக்கு தீரப்பார்த்தது. ஸ்பேனர் பாதி வழிகூட வரவில்லை.

அதனால் அவளே நடுநடுவே இட்டுக்கட்டினாள். “உருட்டினதும் உடனே அடுப்புல போட்டுடாதீங்க. தட்டோட ஃப்ரிட்ஜ்ல கால் மணி நேரம் வைங்க” என்றாள். “ஒவ்வொரு உருண்டைக்கும் கையை ஒரு தடவை தண்ணில நனைச்சுக்குங்க” என்றாள். “சாஸ் கொதிக்க ஆரம்பிச்சதும் தீயைக் குறைச்சு நாப்பது வரைக்கும் எண்ணுங்க. அவசரப்படாம எண்ணணும். எங்க, குழந்தைக்கும் கேக்கற மாதிரி எண்ணுங்க பார்க்கலாம்.”

தாயும் குழந்தையும் லிஃப்டுக்குள் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது ஸ்பேனர் வெளிக்கதவை நெம்பித் திறந்தான். தையல்காரம்மா அவனைப் பார்த்துக் கையைக் காட்டினாள். “ஒரு நிமிஷம் இருங்க. சாஸ் இன்னும் கெட்டியாகலை.”

அன்றிலிருந்து கண்ட்ரோல் அக்காவுக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை. ஆறு வருடத்தில் நூறு பேருக்கு மேல் அந்தக் கோழி உருண்டையைச் சொல்லியிருப்பாள். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், “உத்தரவு புரிஞ்சுது, மேலே சொல்லுங்க” என்று ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னார். முட்டை ஆகாதவருக்கு முட்டையில்லாமல், கறியே ஆகாதவருக்கு உருளைக்கிழங்கில் என்று ஆளுக்குத் தகுந்தபடி மாற்றினாள். ஸ்பேனர் கதவு திறக்கும்போதெல்லாம் சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும். “எனக்குப் பின்பாதி மனப்பாடம்க்கா. முன்பாதிதான் இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்பான்.

இதில் ஒரே ஒரு சங்கதி யாருக்கும் தெரியாது. கண்ட்ரோல் அக்கா அந்தக் கோழி உருண்டையை ஒருமுறைகூடச் செய்ததில்லை. அதை மட்டுமா? எதையுமே செய்ததில்லை. அவளுடைய கணவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சமையல்காரர். காலையில் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் மூன்று பேருக்கு ஆக்குவது அவருக்கு ஓய்வு மாதிரி. கல்யாணமான புதிதில் அவள் ஒருநாள் வெங்காயம் நறுக்கினாள். அதைப் பார்த்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெங்காயத்தால் அல்ல. “நீ போய் உக்காரும்மா” என்றார். அவள் உட்கார்ந்தவள்தான். இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. வெந்நீர் வைப்பாள், பாத்திரம் கழுவுவாள். மற்றபடி வீட்டுச் சமையலறையில் அவள் விருந்தாளி.

ஒரு திங்கட்கிழமை காலை, கண்ட்ரோல் ரூம் வாசலில் ஒரு பெண் குனிந்து எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா. கூடவே எட்டு வயதுச் சிறுமி. கையில் ஒரு டப்பா.

“கண்ட்ரோல் அக்காதானே? குரலை வச்சே கண்டுபிடிச்சிடுவேன். கொஞ்சம் பேசுங்க” என்றாள்.

“யாரும்மா நீங்க?”

“அதே குரல்தான்! நான் தையல்காரிக்கா. அன்னைக்கு மழையில, நாலாம் மாடி. இவதான் அன்னைக்கு அழுதவ.”

அழுதவள் இப்போது முன்பல் இல்லாமல் சிரித்தாள். டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே கோழி உருண்டைகள், பாலிஷ் போட்ட மரம் மாதிரி மின்னிக்கொண்டு, மேலே எள் தூவி. அன்று ராத்திரியே செய்தாளாம். அதிலிருந்து வாரம் ஒருநாள் அவர்கள் வீட்டில் அதுதான் சாப்பாடாம். கடை சாத்திவிட்டுக் களைத்து வரும் நாளில் கைகொடுப்பதே அதுதானாம். கண்ட்ரோல் அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். ஆறு வருடமாகத் தான் சொல்லிவந்த ருசி என்னவென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, கடைசியில் இஞ்சி வந்து நாக்கைச் சுண்டியது. இன்னொன்றை எடுத்தாள்.

“நாங்க வேற ஊருக்குப் போறோம்க்கா. அவருக்கு மாற்றலாயிடுச்சு. அவர் முன்னாடியே போயிட்டார். சனிக்கிழமை சாமான் ஏத்தறோம்” என்றாள் தையல்காரம்மா. “போறதுக்குள்ள ஒரே ஒரு ஆசை. உங்க கையால இதை ஒரு தடவை சாப்பிடணும். ஒவ்வொரு தடவை செய்யறப்பவும், அக்கா செஞ்சா எப்படி இருக்கும்னு நானும் இவளும் பேசிக்குவோம்.”

வாயில் உருண்டை இருந்த தைரியத்தில் கண்ட்ரோல் அக்கா தலையை ஆட்டிவிட்டாள். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க” என்று அவள் வாயிலிருந்து தானாகவே வந்தது. வரைபடத்தைத் துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்த ஸ்பேனர், “நானும்தானேக்கா?” என்றான். அவனுக்கும் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கணவருக்கு மாலை வேலை. அவள் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து, வழியில் வாங்கிய கொத்துக்கறியோடு சமையலறைக்குள் திருடியைப்போல நுழைந்தாள். எல்லாம் மனப்பாடம்தானே, என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை. ரொட்டித்தூள் என்று நினைத்து ரவையைக் கொட்டினாள். ‘முட்டையை உடைச்சு ஊத்துங்க’ என்று நூறு பேருக்குச் சொன்னவளுக்கு முட்டை ஓடு கறிக்குள் விழுந்தால் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. வாணலி காய்ந்துவிட்டதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? பசியோடு வரும் தன் மகள் பார்த்துவிடப் போகிறாளே என்ற அவசரத்தில் ஃப்ரிட்ஜ், கால் மணி நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். உருண்டைகள் வாணலியில் ஒட்டிக்கொண்டன. திருப்பினாள்; பாதி வந்தது, பாதி வர மறுத்தது. சாஸ் ஒரு நொடி தண்ணீராக இருந்தது, மறுநொடி கல்லாகிவிட்டது. கரண்டி அதில் நட்டுவைத்ததுபோல நின்றது.

கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “அம்மா, என்னம்மா இது? தார் ரோடு போடறியா?”

கண்ட்ரோல் அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மகள் முந்திக்கொண்டு சிரித்ததால் அவளும் சிரித்தாள். உதிர்ந்த கறியைச் சுரண்டி ரொட்டிக்கு நடுவில் வைத்து இருவரும் சாப்பிட்டார்கள். முழுக்கதையையும் மகளிடம் சொன்னாள். “ஆறு வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கியே அம்மா!” என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாணலியை ஊறவைத்து ஒளித்து வைத்தார்கள். ஆனால் சமையல்காரனிடம் வாணலியை ஒளிக்க முடியுமா? வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவர் மோப்பம் பிடித்தார்.

“தேன் தீஞ்சிருக்கு” என்றார். “யாரு?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மழை, தையல்காரம்மா, பத்திரிகைத் தாள், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கண்ட்ரோல் அக்கா ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சரி, நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு வச்சுக்கோ. சொல்லு.”

“விளையாடாதீங்க.”

“விளையாடலை. சொல்லு, கேப்போம்.” கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு போனில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. பதற்றமில்லாத, பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியே பேசுவது போன்ற குரல். அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. இருபது நிமிடம் அசையாமல் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் கண்ணைத் திறந்தார்.

“ஃப்ரிட்ஜ்ல கால் மணி நேரமா? இது தாள்ல இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப உனக்கு யாரு சொன்னது? உருண்டை உடையாம இருக்கறதுக்கு நாங்க செய்யற வேலை இது. கையை நனைக்கறது, தீயைக் குறைச்சு எண்ணறது, எல்லாமே சரி.”

“யாரும் சொல்லலைங்க. ஸ்பேனர் வர்றதுக்கு நேரமாச்சு.”

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத்தனை வருஷமா முந்நூறு பேருக்குச் சமைக்கிறேன். உப்பு கம்மின்னு சொல்லியிருக்காங்க, ஆறிப்போச்சுன்னு சொல்லியிருக்காங்க. என் சமையலைக் காதால கேட்டு ஒருத்தரும் அழுகையை நிறுத்தினதில்ல” என்றார். அப்புறம் எழுந்து நின்றார். “நான் கை வைக்க மாட்டேன். அவங்க கேட்டது உன் கையை. ஆனா பக்கத்துல நிக்கறேன்.”

புதனும் வியாழனும் அவர் சமையலறை வாசலில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்; இல்லாவிட்டால் அவை தானாகக் கரண்டியைப் பிடுங்கிவிடும் என்று அவருக்கே பயம். வாணலி காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது முத்துபோல உருண்டோட வேண்டும் என்றார். ஒட்டிக்கொண்டால் இழுக்காதே, சிவந்ததும் அதுவே விடும் என்றார். அவள் உப்பை அள்ளும்போதெல்லாம் அவர் தோள் குலுங்கும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். புதன்கிழமை உருண்டைகள் உள்ளே வேகவில்லை. வியாழக்கிழமை வெந்திருந்தன, ஆனால் ஆளுக்கொரு அளவில் இருந்தன. “அண்ணன் தம்பிங்க மாதிரி இருக்கு” என்று மகள் குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நாலு மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி வந்த தையல்காரம்மா, “லிஃப்ட் கம்பெனில வேலை பார்க்கறவங்க வீட்ல லிஃப்ட் இல்லையேக்கா!” என்றாள்.

“இருந்தா நான்தானே போன் எடுக்கணும்” என்றாள் கண்ட்ரோல் அக்கா.

ஸ்பேனர் சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். வந்ததும் பழக்கதோஷத்தில் வாசல் கதவின் கீலைத் தட்டிப் பார்த்தான். கணவரும் மகளும் அவர்களோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டார்.

உள்ளே அவள் தனியாக இருந்தாள். உருண்டைகள் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்தன. தண்ணீர்ச் சொட்டு முத்துபோல ஓடியது. ஒவ்வொன்றாக வாணலியில் வைத்தாள். ஒட்டின, இழுக்காமல் காத்திருந்தாள், அவையே விட்டன. பொன்னிறமாகத் திரும்பிப் படுத்தன. இதுவரை சரி. அவற்றைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுச் சாஸை ஊற்றினாள். ஓரங்களில் நுரை கட்டிக் குபுகுபுவென்று கொதிக்கத் தொடங்கியதும் செவ்வாய்க்கிழமைக் கல் ஞாபகம் வந்து, கை அப்படியே நின்றுவிட்டது.

“இப்பத் தீயைக் குறைக்கணும் பெரியம்மா.”

திரும்பிப் பார்த்தாள். தையல்காரம்மாவின் மகள் தண்ணீர் கேட்டு வந்தவள், சமையல் மேடையில் மோவாயை வைத்து நின்றாள்.

“குறைச்சிட்டு நாப்பது எண்ணணும். அவசரப்படாம எண்ணணும். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க. நான்தான் எண்ணுவேன்.”

“எண்ணு கண்ணு” என்றாள் கண்ட்ரோல் அக்கா. தீயைக் குறைத்தாள்.

சிறுமி எண்ணினாள். முன்பல் இல்லாததால் ‘முப்பத்தி’ எல்லாம் காற்றாக வந்தது. நாற்பதில் சாஸ் கரண்டியின் பின்புறம் மெழுகுபோல ஒட்டியது. உருண்டைகளைப் போட்டுப் புரட்டினாள். ஜன்னல் வழியே வந்த கடைசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் பளபளத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சோறு, வேகவைத்த பீன்ஸ், நடுவில் அகலத் தட்டில் கோழி உருண்டை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். தையல்காரம்மா இரண்டாவது உருண்டையைப் பாதி கடித்துவிட்டு, “நான் சொன்னேன்ல? அக்கா கை அக்கா கைதான்” என்று மகளிடம் சொன்னாள்.

கண்ட்ரோல் அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நான் இதைச் செய்யக் கத்துக்கிட்டதே இந்தச் செவ்வாய்க்கிழமைதான். அன்னைக்கு மழையில உங்களுக்குச் சொன்னது, டப்பா சுத்தின தாளைப் பார்த்துச் சொன்னது. இந்த வாரம் வரைக்கும் நான் அடுப்புப் பக்கமே போனதில்ல.”

ஸ்பேனர் மெல்வதை நிறுத்தினான். கணவர் தட்டைப் பார்த்தார். தையல்காரம்மா மிச்சப் பாதியை நிதானமாக வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

“அப்ப இந்த உருண்டையை முதல்ல செஞ்சது நானா?”

“நீங்கதான்.”

“அப்ப நான்தான் சீனியர்!” தையல்காரம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். “ஏண்டி, கேட்டியா? இவங்கதான் நம்மகிட்டேருந்து கத்துக்கணும்!”

முதலில் வெடித்துச் சிரித்தது கணவர்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மகள் பழைய தார் ரோட்டுக் கதையை எடுத்துவிட, சாப்பாடு இன்னும் கால் மணி நேரம் நீண்டது. “முன்பாதி இப்பவும் எனக்குத் தெரியாதே” என்று ஸ்பேனர் முறையிட்டான். தையல்காரம்மா கொத்துக்கறியிலிருந்து ஆரம்பித்து அவனுக்குச் சொன்னாள். அவன் கைபேசியில் குறித்துக்கொண்டான். சிறுமி மட்டும் ஆறாவது உருண்டையை எடுத்தபடி, “இது நல்லாருக்கு. ஆனா எங்க வீட்டுது இன்னும் நல்லாருக்கும்” என்றாள். “பொய் சொல்லத் தெரியாத குழந்தை” என்றார் கணவர். அவரைக் கண்ட்ரோல் அக்கா முறைத்தாள்.

சனிக்கிழமை அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். புது ஊரிலிருந்து தையல்காரம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். அங்கே குடியிருப்பது தரைத்தளம்; கடைக்கு வாடிக்கை சேர ஆரம்பித்திருக்கிறது.

கண்ட்ரோல் அக்கா இப்போதும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுச் சமையலறை அவளுடையது. கோழி உருண்டையை விட்டு இப்போது மீன் பக்கம் வந்திருக்கிறாள். முதல் வாரம் உப்புக் கரித்தது. அடுத்த வாரம் உப்பே இல்லை. மூன்றாவது வாரம் மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். கணவர் கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரமாக அதே பக்கம்தான். உள்ளே எண்ணெய் சடசடவென்று பொரியும் சத்தம் கேட்கும்.

“ஏதாவது வேணுமா?” என்பார்.

“கூப்பிட்டா வாங்க. இப்ப உக்காருங்க” என்பாள் அவள்.